அந்தம்மா இன்னும் பூ வாங்கிட்டுத்தான் இருக்காங்க

"மிஸ், இருபது பக்கம் முடிஞ்சிருச்சு. அந்தம்மா இன்னும் பூ வாங்கிட்டுத்தான் இருக்காங்க. கதை எப்ப மிஸ் ஆரம்பிக்கும்?"

போன ஐப்பசி அடைமழையில், மற்றப் பிள்ளைகள் கிளம்பிய பிறகு, ஒரு மாணவி கேட்டது இது. கோத்தகிரியில் மாலை நேரத்தில் இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கிறேன். அவள் பள்ளிக்கூடக் காலத்தில் என்னிடம் படித்தவள். இப்போது ஊட்டியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் வருடம். எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பு, அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். கையில் இருந்தது வர்ஜீனியா வுல்ஃப் 1925ல் எழுதிய 'மிஸஸ் டாலோவே'. அவள் கேட்டதில் தப்பே இல்லை. முதல் தடவை அதே நாவலை முப்பதாவது பக்கத்தில் மூடி அலமாரியில் தள்ளியவள்தான் நானும். அன்று அவளுக்குச் சொன்னதையும், கரண்ட் போனதால் பாதியில் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கதை முதல் வரியிலேயே ஆரம்பித்துவிட்டது என்பதுதான் அவளுக்குப் பதில். பூக்கடைக்கு நடந்து போகும்போது அந்தம்மாவின் மனசுக்குள் ஓடுகிறதே, அதுதான் கதை. வெளியே நடப்பதை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். 1923 ஜூன் மாதம், லண்டனில் ஒரே ஒரு நாள். ஐம்பதைத் தாண்டிய கிளாரிஸா டாலோவே ராத்திரி விருந்துக்கு ஏற்பாடு செய்கிறாள். இந்தியாவிலிருந்து திரும்பிய பழைய காதலன் பீட்டர் வால்ஷ் எட்டிப் பார்க்கிறான். ஊரின் வேறொரு மூலையில், முதல் உலகப் போரில் மனம் உடைந்துபோன செப்டிமஸ் என்ற இளைஞன் அன்றைக்குச் சாகிறான். கிளாரிஸாவும் செப்டிமஸும் சந்திப்பதே இல்லை. விருந்துக்கு நடுவில் அவன் செத்த செய்தி அவள் காதில் விழுகிறது. இவ்வளவுதான் நடப்பது.

அப்படியானால் மீதிப் பக்கங்களில் என்ன இருக்கிறது? பாத்திரத்தின் மனசில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதுவது. அதற்குப் பெயர் நனவோடை.

மூலை சீட்டுப் பாட்டி

நனவோடையை விளக்க வுல்ஃபே ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார். 1924ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு ரயில் பயணம் வருகிறது. ரிச்மண்டிலிருந்து லண்டன் வாட்டர்லூவுக்குப் போகிற வண்டி. எதிர் மூலையில் ஒரு வயதான அம்மாள். பழசானாலும் சுத்தமான உடுப்பு. அவருக்கு மிஸஸ் பிரவுன் என்று வுல்ஃப் தானாகவே பெயர் வைத்துக்கொள்கிறார். கூட வந்த ஆள் ஏதோ மிரட்டலாகப் பேசிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் சம்பந்தமே இல்லாமல் கேட்கிறார்: ஓக் மரத்தின் இலைகளை இரண்டு வருடம் தொடர்ந்து புழு தின்றுவிட்டால் மரம் செத்துவிடுமா?

வுல்ஃப் சொல்ல வருவது இதைத்தான். அன்றைய பெரிய நாவலாசிரியர்களிடம் இந்த அம்மாளை ஒப்படைத்தால், வீட்டு வாடகை எவ்வளவு, ஜன்னல் எந்தப் பக்கம், அப்பா என்ன கடை வைத்திருந்தார் என்று எழுதித் தள்ளுவார்கள். எல்லாம் சரியாக இருக்கும். மூலையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் மட்டும் அதற்குள் அகப்படமாட்டாள். புழு தின்ற ஓக் மரத்தை ஏன் அந்த நேரத்தில் கேட்டாள்? நாவல் பிடிக்க வேண்டியது அதை.

சரி, இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகிற பஸ். ஜன்னலோர மூலை சீட்டில் ஒரு பாட்டி. முதலில் பழைய முறையில் எழுதிப் பார்க்கிறேன்.

பாட்டிக்கு எழுபத்திரண்டு வயது. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர். நாற்பது வருடம் கொழுந்து எடுத்தார். இப்போது மகளோடு லைன் வீட்டில் இருக்கிறார். மாத்திரை வாங்க ஊட்டிக்குப் போகிறார்.

கொஞ்சம் உள்ளே போவோம்.

பஸ் கட்டபெட்டு தாண்டி வளைவில் திரும்பியபோது, மகள் கொடுத்த இருநூறு ரூபாய் போதுமா என்று பாட்டி யோசித்தார். மேட்டில் கவாத்து அடித்த, அதாவது கிளைகளைக் கட்டையாக வெட்டிவிட்ட, தேயிலைச் செடிகளைப் பார்த்ததும், மகனுக்கு மொட்டை போட்ட நாள் அவருக்கு ஞாபகம் வந்தது.

இப்போது மூன்றாவது விதம்.

இருநூறு ரூபாய். முடிச்சு இருக்கிறதா, இருக்கிறது, இடுப்பில் உறுத்துகிறது. போன தடவை நூற்றி எண்பது. ஏற்றியிருப்பான், எல்லாம்தான் ஏறுகிறது, கொழுந்து விலையைத் தவிர. அடடா, இந்த மேட்டையும் கவாத்து அடித்துவிட்டார்களே, கட்டை கட்டையாக, மொட்டை போட்ட பிள்ளை மாதிரி. சின்னவனுக்கு மொட்டை போட்ட அன்றைக்கும் இப்படித்தான் மேகம் இறங்கியது. கப்பலில் பிடித்த குளிர் அப்போதும் உடம்பை விட்டுப் போகவில்லை. மண்டபம் கேம்ப்பில் ஒரு போர்வை கொடுத்தார்கள், சாம்பல் கலர், அது எங்கே போச்சு? டிக்கெட்டா? எடுத்தாச்சு தம்பி, எடுத்தாச்சு.

மூன்றாவதில் என்ன மாறியது என்று பாருங்கள். தமிழில் ஒருவர் நினைத்ததைச் சொல்ல நமக்கு 'என்று' இருக்கிறது, பேச்சில் 'ன்னு'. கதை சொல்கிறவரின் குரல் எங்கே முடிகிறது, பாத்திரத்தின் நினைப்பு எங்கே தொடங்குகிறது என்று வேலி போடுகிற சொல் அது. நனவோடையில் முதலில் பிடுங்கிப் போடுவது இந்த வேலியைத்தான். அடுத்து, ஒரே வளைவுக்குள் ஐம்பது வருடம் வந்து போகிறது. பஸ் நகர்ந்தது நூறு அடிகூட இருக்காது. கடைசியில் கண்டக்டர் குரல் உள்ளே நுழைகிறது; அவர் என்ன கேட்டார் என்று நான் எழுதவில்லை, உங்களுக்குப் புரிந்துவிட்டது. முன்பின் விவரம் எதையும் சொல்லாமல், வாசிப்பவரே கூட்டிக்கொள்ளட்டும் என்று விடுவது வுல்ஃபின் பழக்கம். முப்பதாவது பக்கத்தில் நான் புத்தகத்தை மூடியதற்கும் அதுதான் காரணம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் வுல்ஃப் இல்லை. மனம் துண்டு துண்டாக இல்லை, ஆறு மாதிரி ஓடுகிறது என்று 1890ல் எழுதியவர் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். அவருடைய சொல்லை எடுத்து 1918ல் நாவலுக்குப் பொருத்தியவர் மே சின்க்ளேர் என்ற எழுத்தாளர். அவர் அப்போது பேசிக்கொண்டிருந்தது டொரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி. ரிச்சர்ட்சனை இன்று யார் படிக்கிறார்கள், பாவம். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' கையெழுத்துப் பிரதி அதே 1918ல் வுல்ஃப் வீட்டுக்கே வந்தது, அச்சடித்துத் தர முடியுமா என்று. வுல்ஃபும் கணவரும் வீட்டிலேயே ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார்கள். தங்கள் கை அச்சு இயந்திரத்துக்கு அது தாங்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜாய்ஸ் பல இடங்களில் பாத்திரத்தின் நினைப்பைச் சிதறல் சிதறலாக அப்படியே கொட்டுவார். வுல்ஃப் 'அவள்' என்ற படர்க்கையை விடமாட்டார். ஆனால் அந்த 'அவளு'க்குள்ளிருந்து பக்கத்தில் நிற்கிற இன்னொரு 'அவளு'க்குள் சத்தமில்லாமல் தாவிவிடுவார். தெருவில் ஒரு கார் டயர் வெடிக்கிறது போலச் சத்தம் போடும். ஐந்தாறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கேமரா மாதிரி அந்த ஐந்தாறு மனசுக்குள்ளும் போய்விட்டு வருவோம். என் பஸ் உதாரணம் ஒரு பாட்டியோடு நின்றுவிட்டது. வுல்ஃப் என்றால் அந்தக் கண்டக்டர் தம்பியின் தலைக்குள்ளும் போயிருப்பார்.

குகைகள்

'மிஸஸ் டாலோவே' எழுதிக்கொண்டிருந்தபோது, 1923ல், வுல்ஃப் தன் டைரியில் ஒரு கண்டுபிடிப்பைக் குறித்துவைத்தார். பாத்திரங்களுக்குப் பின்னால் அழகான குகைகளைத் தோண்டுகிறேன். அந்தக் குகைகள் உள்ளே ஒன்றோடொன்று சேர வேண்டும். ஒவ்வொன்றும் இந்தக் கணத்தின் வெளிச்சத்துக்கு வந்து திறக்க வேண்டும். இதுதான் சாரம். சுரங்கம் தோண்டுகிற முறை என்று அதற்குப் பெயரும் வைத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயிலில் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 46 கிலோமீட்டரில் 16 சுரங்கம். இருட்டுக்குள் போகிறோம், பிள்ளைகள் ஊளையிடுகிறார்கள், வெளியே வரும்போது பள்ளத்தாக்கு வேறு பக்கம் இருக்கிறது. கிளாரிஸாவின் நிகழ்காலம் அந்த வெளிச்சத் துண்டுகள் மாதிரி. நடுவில் எல்லாம் பழைய காலத்தின் இருட்டு. லண்டன் மணிக்கூண்டின் பிக் பென் மணி அடிக்கும்போதெல்லாம் சுரங்கத்தை விட்டு வெளியே வருகிறோம். நாவலுக்கு அவர் முதலில் நினைத்திருந்த தலைப்பே 'மணி நேரங்கள்' என்பதுதான்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது 1927ல் வந்த 'டு த லைட்ஹவுஸ்'. ஆறு வயதுப் பையன் ஜேம்ஸ் கலங்கரை விளக்கத்துக்குப் போக ஆசைப்படுகிறான். நாளைக்கு வெயில் அடித்தால் போகலாம் என்கிறாள் அம்மா. அடிக்காது என்கிறார் அப்பா. முதல் பகுதி முழுக்க அந்த ஒரு சாயங்காலம். இரண்டாம் பகுதியில் பத்து வருடம் சில பக்கங்களில் ஓடிவிடுகிறது. ஆட்களே இல்லாத வீடு. காற்று நுழைகிறது, ஈரம் ஏறுகிறது, புத்தகங்களில் பூஞ்சை பிடிக்கிறது. சீசன் முடிந்து பூட்டிப்போட்ட பங்களாவைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். வாட்ச்மேன் வீட்டு அம்மாள் சாவிக் கொத்தோடு முன்னால் போய் ஜன்னல்களைத் தள்ளித் திறப்பாரே, நாவலிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், மிஸஸ் மெக்னாப் என்று.

முதல் பகுதி முழுவதையும் தாங்கி நின்ற அந்த அம்மாவின் சாவு எப்படி வருகிறது தெரியுமா? சதுர அடைப்புக்குறிக்குள், ஒரே வாக்கியத்தில், போகிற போக்கில். ஒருநாள் விடிகாலையில் கணவர் இருட்டில் கையை நீட்டுகிறார். அவள் முந்தின ராத்திரியே திடீரென இறந்துவிட்டதால் கைகள் வெறுமையாகவே நிற்கின்றன. அடைப்புக்குறி மூடிவிடுகிறது. ஒப்பாரி கிடையாது. நான் இரண்டு தடவை பின்னால் போய்ப் படித்தேன், கண் தவறிவிட்டதோ என்று. பூட்டிய வீட்டில் மழை எப்படிச் சொட்டியது என்பதற்குப் பக்கக் கணக்கில் இடம், மனுஷி செத்ததற்கு ஒரு அடைப்புக்குறி. வீட்டில் சாவு விழுந்து பத்து வருடம் கழித்து யோசித்தால் ஞாபகமும் இப்படித்தான் இருக்கிறது.

பொகவந்தலாவை வரை ஒரு நூல்

வுல்ஃபின் வாழ்க்கைக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். பிறந்தது 1882 ஜனவரி 25, லண்டன். அப்பா லெஸ்லி ஸ்டீபன் பெரிய எழுத்தாளர், பிரிட்டிஷ் வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் ஆசிரியர். அண்ணன் தம்பி கேம்பிரிட்ஜுக்குப் போனார்கள். வர்ஜீனியாவுக்குப் பெரும்பாலும் அப்பாவின் புத்தக அலமாரிதான் பள்ளிக்கூடம். இதை அவர் கடைசி வரை மன்னிக்கவில்லை. பதிமூன்று வயதில் அம்மா இறந்தார். அதன் பிறகு மனநோய் விட்டு விட்டுத் தாக்கிக்கொண்டே இருந்தது. 1912ல் லெனார்ட் வுல்ஃபைத் திருமணம் செய்தார். 1915ல் முதல் நாவல். ஒன்பது நாவல்கள், நூற்றுக்கணக்கான கட்டுரைகள், குவியலாக டைரிகள். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குடியிருந்த வீடு குண்டில் இடிந்தது. நோய் திரும்பி வருவதாக உணர்ந்த அவர் 1941 மார்ச் 28ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 59. சிலர் அந்த முடிவிலிருந்தே அவருடைய எல்லாப் புத்தகங்களையும் படிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டைரிகளைப் புரட்டினால் வாய்விட்டுச் சிரிக்கவைக்கிற, வம்பளக்கிற, கடைவீதி சுற்றுகிற ஒரு பெண்தான் அதிகம் தெரிகிறார்.

ட்யூஷன் அறையில் கதை வேறு பக்கம் திரும்பியது இங்கேதான். வுல்ஃபின் அம்மா ஜூலியா பிறந்தது 1846ல், கல்கத்தாவில். பெரியப்பா ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன்தான் 1872ம் வருட இந்திய சாட்சியச் சட்டத்தை வரைந்தவர். 2024 ஜூன் முடிய நம் கோர்ட்டுகளில் அந்தச் சட்டம்தான் ஓடியது. கணவர் லெனார்ட், கல்யாணத்துக்கு முன்பு இலங்கையில் வெள்ளைக்கார அதிகாரி. 1905ல் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில் வேலை, அங்கே தமிழ் கற்றுக்கொண்டவர். அம்மாவின் பெரியம்மா ஜூலியா மார்கரெட் கேமரன், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். கேமரன் குடும்பத்துக்கு இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. ஜூலியா மார்கரெட் 1879ல் அங்கேயே ஒரு தோட்டத்தில் இறந்து, பொகவந்தலாவையில் ஒரு தேவாலயத்தில் அடக்கமானார்.

"பொகவந்தலாவையா? எங்க பாட்டி பொறந்த ஊரு மிஸ் அது!"

அவள் பாட்டி இன்னும் 'லயம்' என்றுதான் சொல்வார். இவளுக்கு அது 'லைன்'. இலங்கை மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி, மண்டபம் கேம்ப்பில் இருந்து, இந்த மலைக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம், அதிலிருந்து வந்தது. காப்பி நோய் வந்து அழிந்த பிறகு சிலோன் மலைகளில் தேயிலை ஏறியது. அந்தத் தேயிலையோடுதான் அவள் பாட்டியின் முன்னோர்கள் வாழ்ந்தார்கள். லண்டன் வரவேற்பறை நாவல், நமக்கும் அதற்கும் என்ன என்று நினைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கரண்ட் போனதும் அப்போதுதான்.

ஐந்நூறு பவுனும் ஒரு அறையும்

வுல்ஃபின் பெயர் நாவல் படிக்காதவர்களுக்கும் தெரிவது ஒரு சின்னப் புத்தகத்தால். 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் பேசியதை விரித்து, 1929ல் 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' என்று வெளியிட்டார். 'தனக்கென்று ஓர் அறை' என்று சொல்லலாம். பெண் கதை எழுத வேண்டுமானால் வருடத்துக்கு ஐந்நூறு பவுன் வருமானமும், உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ள ஓர் அறையும் வேண்டும். புத்தகமே இதுதான்.

வாதத்தை அவர் வாதமாகச் சொல்லமாட்டார், நடந்து போய்க்கொண்டே சொல்வார். பல்கலைக்கழகப் புல்வெளியில் கால் வைத்தால் காவலாள் விரட்டுகிறான். நூலகத்துக்குப் போனால், கூட ஓர் ஆண் பேராசிரியர் வர வேண்டும், இல்லையென்றால் கடிதம் வேண்டும் என்கிறார்கள். ஆண்கள் கல்லூரியில் மீன், கௌதாரி, ஒயின் என்று மதிய விருந்து. ராத்திரி பெண்கள் கல்லூரியில் தண்ணி சூப், மாட்டிறைச்சி, வேகவைத்த உலர்பழம், குடிக்க வெறும் தண்ணீர். சாப்பாட்டுத் தட்டை வைத்தே பணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டிவிடுவார். ஷேக்ஸ்பியருக்கு அவரைப் போலவே திறமையுள்ள ஒரு தங்கை இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்ற கற்பனையும் இதில்தான் வருகிறது.

பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒரு வரி இருக்கிறது. கதை சொல்லும் பெண்ணுக்கு அந்த ஐந்நூறு பவுன் எங்கிருந்து வந்தது? பம்பாயில் காற்று வாங்கக் குதிரையில் போன அத்தை கீழே விழுந்து இறந்ததால் வந்த சொத்து. ஆக, லண்டனில் ஒரு பெண் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிற அறைக்கு வாடகை இந்தியாவிலிருந்து போகிறது. தேயிலை மலையில் உட்கார்ந்து படிக்கும்போது இந்த வரி கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. அந்த அறையைப் பெருக்கியது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. வுல்ஃப் வீட்டில் நெல்லி பாக்ஸால் என்ற சமையல்காரப் பெண் 18 வருடம் வேலை பார்த்தார். அவரோடு போட்ட சண்டைகள் டைரியில் ஏராளம். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத அடிமைப் பெண் கவிஞருக்கு இந்த அறையும் பணமும் எங்கிருந்து வரும் என்று பிற்காலத்தில் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் கேட்டார். நியாயமான கேள்வி.

ஆனாலும் என் மாணவிக்கு அந்தப் புத்தகம்தான் முதலில் பிடித்தது. இரண்டு ரூம் வீட்டில் ஐந்து பேர். டி.வி. அணைந்த பிறகுதான் படிப்பு. அவளுக்குக் கிடைக்கிற 'அறை' ஊட்டி பஸ்ஸில் ஜன்னலோர சீட். போக வர இரண்டரை மணி நேரம், அதுவும் உட்கார இடம் கிடைத்தால். ஜேன் ஆஸ்டின் எல்லாரும் புழங்குகிற கூடத்தில் உட்கார்ந்து எழுதியதையும், ஆள் வந்தால் காகிதத்தை மறைத்ததையும் வுல்ஃப் சொல்கிற இடத்தில் அவள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

வுல்ஃபுக்கு அறையைவிடப் பெரிய விடுதலையைக் கொடுத்தது அந்தக் கை அச்சு இயந்திரம் என்பது என் எண்ணம். 1917ல் கணவன் மனைவி இருவரும் வாங்கிச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்கள். எழுத்துக் கோத்தது பெரும்பாலும் வர்ஜீனியா. ஹோகார்த் பிரஸ் என்று அது வளர்ந்து கவிஞர் டி.எஸ். எலியட்டையும் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டையும் வெளியிட்டது. தன் நாவல்களைத் தானே போட்டுக்கொள்ளலாம், எந்தப் பதிப்பாசிரியரும் "கதை எப்போது ஆரம்பிக்கும்?" என்று கேட்க முடியாது.

அவருக்குப் பின்னால் வந்தவர்களில் சிலர்: அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் 1955ல் முதுகலை ஆய்வேடு எழுதியது வுல்ஃபையும் இன்னொரு அமெரிக்க நாவலாசிரியரான ஃபாக்னரையும் வைத்து. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் வுல்ஃபை ஸ்பானிஷில் மொழிபெயர்த்தார். 'மிஸஸ் டாலோவே'யின் ஒரு வாக்கியம் தன்னை வேறு எழுத்தாளனாக்கியது என்று கொலம்பிய நாவலாசிரியர் கார்ஸியா மார்க்வெஸ் சொல்லியிருக்கிறார். தமிழில் நனவோடை என்றதும் லா.ச.ராமாமிர்தம் பெயர்தான் முதலில் வரும். அவருடைய ஓட்டத்துக்கு ஊற்று வேறு, மந்திரமும் இசையும். நம் மலையைப் பற்றியே எழுதிய ராஜம் கிருஷ்ணன் எதிர்த் திசையில் போனவர். படகர் வாழ்க்கையை ஊர் ஊராக விசாரித்து 'குறிஞ்சித்தேன்' எழுதினார். வுல்ஃப் ஒதுக்கித் தள்ளிய வாடகை, வயல், கல்யாணச் செலவு எல்லாம் அதில் உண்டு, உயிரோடும் உண்டு. வெளியை எழுதினால் ஆள் தப்பிவிடுவாள் என்று வுல்ஃப் சொன்னதை நான் முழுசாக நம்பாததற்கு அந்த நாவல் ஒரு காரணம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நாவலில் குதிக்க வேண்டாம். 1917ல் அந்தச் சாப்பாட்டு மேஜை அச்சில் வந்த முதல் வெளியீட்டில் ஒரு சிறுகதை இருக்கிறது, 'சுவரில் ஒரு அடையாளம்' என்று பொருள் வரும். ஒருத்தி சுவரில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்க்கிறாள். ஆணியா, ரோஜா இதழா? எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பல். உட்கார்ந்த இடத்திலேயே மனசு எங்கெங்கோ போகிறது. கடைசியில் யாரோ வந்து அது நத்தை என்று சொல்லிவிடுகிறார்கள். கோத்தகிரி மழையில் சுவருக்குச் சுவர் நத்தை ஊர்கிற வீட்டில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அதன் பிறகு 'தனக்கென்று ஓர் அறை', அப்புறம் லைட்ஹவுஸ், அப்புறம் டாலோவே. 'த வேவ்ஸ்' நாவல் கடைசியில்தான். அதைச் சத்தம் போட்டுப் படித்தால்தான் எனக்கே பிடிபட்டது.

பத்து நாள் கழித்து, ஊட்டி பஸ்ஸிலிருந்து அவள் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். பின்னால் ஹாரன் சத்தம், யாரோ சில்லறை கேட்கிற சத்தம்.

"மிஸ், பூ வாங்கி முடிச்சாச்சு. இப்ப வானத்துல ஒரு ஏரோப்ளேன் வந்து புகையில என்னமோ எழுதுது, ரோட்டுல எல்லாரும் நின்னு அண்ணாந்து பாக்குறாங்க. ஒருத்தர் அது மிட்டாய் விளம்பரம்ங்கிறார். என்ன எழுதுதுன்னுதான் மிஸ் யாருக்கும் சரியாத் தெரியல."